மாடிப்படியில் தொங்கும் ஃபிளைவீல்

மெக்கானிக் ஐயாவுக்கு,

மாடிப்படிக் கம்பியில் கயிற்றில் தொங்குவது, நம் மகளின் காரிலிருந்து நீங்கள் கழற்றி வந்த, என்ஜினோடு சுழலும் அந்தக் கனத்த இரும்பு ஃபிளைவீல்தான். "லேசா கடைஞ்சா புதுசாயிடும்" என்று என் பட்டறைக்கே வந்து, என் ஆட்கள் முன்னால் அடித்துப் பேசினீர்களே, இத்தனை வருஷமாக லேத் ஓட்டுவது நானா, நீங்களா? உள்ளே விரிசல் என்று நான் தட்டிக் காட்டினால், "மேஜைமேல கிடந்தா சத்தம் அப்படித்தான் வரும்" என்று மழுப்பல் வேறு!

இப்போது மேஜை இல்லை. ஸ்பேனரை எடுத்து நீங்களே தட்டுங்கள். கணீரென்றால் நானே கடைந்து தருகிறேன், வாயே திறக்கமாட்டேன். கீறல் விட்ட பானைபோல் 'டொக்'கென்றால் உள்ளே விரிசல். பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடாக்கிக்கொள்ளுங்கள். கோபம் உங்கள்மேல்தான், உங்கள் வயிற்றின்மேல் இல்லை.

பி.கு.: நாளைக்கே வண்டி தருவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டீர்களாம். ஓடும்போது ஃபிளைவீல் சிதறினால், பக்கத்திலிருக்கும் அவள் கால் என்ன ஆகும்?

இன்னொன்று: வாக்குத் தவறினால் அவள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டாள் என்றுதானே பயம்? "அப்பா தரேன்னுதான் சொன்னாரு, நான்தான் விடல" என்று போனில் சொல்லிவிட்டேன். அந்த இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருக்கட்டும்.