கூமிக்கு ஏன் வியர்த்தது?

9-5-83, திங்கள்

பத்திரிகை ஆபீசிலிருந்து கடிதம். என் தொடர்கதையில் ஓட்டை இருக்கிறதாம். மதுரை டாக்டர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “கூமிகளின் கிரகத்தில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. மூச்சின் ஈரத்தைக்கூட மூக்கிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும் பிராணி, பூமியில் இறங்கியதும் மார்பு நனைய வியர்த்துக் கொட்டுமா?” இருபதாம் தேதிக்குள் சரியான விளக்கத்தோடு அடுத்த அத்தியாயம் வராவிட்டால் தொடரை நிறுத்திவிடுவார்களாம்.

பத்து வருஷமாக உயிரியல் சொல்லிக்கொடுக்கிற டீச்சர், எனக்கா இந்தத் தப்பு! சங்கரன்கோவில் வெயிலில் உட்கார்ந்து எழுதினால் வேற்றுக்கிரகத்தானுக்கும் வியர்க்கத்தான் செய்யும்.

11-5-83

அது வியர்வை இல்லை, கழிவு நீர் என்று எழுதினேன். கிழித்தேன். கழிவையெல்லாம் பல்லி மாதிரி வெள்ளைக் கட்டியாகப் போடும் என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதித் தொலைத்திருக்கிறேனே.

13-5-83

“இன்னும் அந்த ஜந்துதானா? விட்டுத் தொலையேன்ட்டி” என்றார் என் வீட்டுக்காரர். விட்டால் நான் என்ன ஆவேன்? பிப்ரவரியில் குழந்தை போனபிறகு நான் எழுந்து உட்கார்ந்ததே இந்தக் கதையால்தான். இவருக்கு அது தெரியாதா? குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசினது உண்டா இந்த மனுஷன்?

16-5-83

பால் கொண்டுவரும் பிச்சம்மாள் இன்று ஒரு வெள்ளாட்டையும் இழுத்து வந்தாள். நேற்றுக் குட்டி செத்துப்போயிற்றாம். மடி கல்லாகக் கட்டி, நடக்க நடக்கச் சொட்டியது.

“குட்டி செத்தது மடிக்குத் தெரியுமா டீச்சர்? அது பாட்டுக்குச் சுரக்கு.”

உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். பத்து நாள் என் ரவிக்கையும் அப்படித்தான் நனைந்தது.

வியர்வைச் சுரப்பி மாதிரி ஒன்றுதான் மாறி மாறிப் பால் சுரப்பியானது — வகுப்பில் நானே சொல்வதுண்டு. கூமியின் மார்பில் கசிந்தது பால். காம்பு கிடையாது, தோல் வழியே ஊறும், குட்டி நக்கிக் குடிக்கும். உடம்பு ஈரத்தையெல்லாம் மிச்சம் பிடித்தது அதற்குத்தான். வேவு பார்க்க வந்த பிராணி என்றல்லவா நினைத்திருந்தேன்? பாவி, குட்டியைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

17-5-83

பதினாறு பக்கம். ஒரு டீச்சர் இதையெல்லாம் எழுதலாமா என்பார்களோ?

18-5-83

ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன்.

3-6-83, வெள்ளி

தொடரலாமாம். டாக்டரும் ஒப்புக்கொண்டாராம்.

கடிதத்தை இவரிடம் காட்டினேன். அத்தியாயத்தின் நகலையும் கேட்டு வாங்கி, உட்கார்ந்து முழுக்கப் படித்தார்.

“கூமிக்குப் புருசன் கெடையாதாட்டி?”

“உண்டு.”

“அவ இப்படிக் கெடக்கையில அவன் எங்கன போனான்?”

நான் கடிதத்தை மடித்தேன்.

“பயந்துட்டான்ட்டி. பக்கத்துல வரப் பயந்துட்டான்” என்று அவரே சொன்னார். குரல் உடைந்துபோயிற்று.

இனி அவனுக்கும் ஒரு உடம்பு யோசிக்க வேண்டுமே என்றேன், அழுதுகொண்டே.

“அவனுக்கும் கசியும்னு எழுது” என்றார்.