ஆற்றுக்கு இறங்க நீங்க கேட்ட படிக்கட்டு

அக்கா,

இன்றைக்குக் காலையில் பாலாய் ராயா மண்டபத்தில் தார்ப்பாயைத் தூக்கியதும் அந்தப் புளிச்ச வாசம் மூக்கில் ஏறியது. செம்மண்ணும் தவிடும் கரும்புப் பாகும் பிசைந்து, உருட்டி, தண்ணீரைச் சுத்தமாக்க ஆற்றில் எறிவதற்காக மூடி வைத்திருந்த உருண்டைகள். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் பொத்தவில்லை. முதல் தடவை இந்த வாசம் வந்தபோது நீங்க சொன்னதுதான் காதில் கேட்டது. “மூடுடி, மூடு. கள்ளு வாசம்னு நெனைச்சு நம்ம மாமனாரு எழுந்து வந்துருவாரு.”

சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா என்னவென்று கேட்டார். செத்துப்போன மாமனாருடைய கள்ளுக் கதையை அவருக்கு எங்கே போய் விளக்குவது? சிரிப்பு போன கையோடு அழுகை வந்தது. வெளியே போய் நின்றுகொண்டேன்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாதியில் நின்றவள். மகள்தான் சொன்னாள், பெரியம்மாவிடம் பேசுகிற மாதிரி நினைத்து எழுதுங்கம்மா என்று. அதனால் எழுதுகிறேன்.

அண்ணனை நீங்க கட்டினீங்க, தம்பியை நான் கட்டினேன். ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஓரகத்திகள் ஒத்துப்போக மாட்டார்கள் என்று ஊரே காத்திருந்தது. நாமும் ஊரை ஏமாற்றவில்லை, போடாத சண்டை இல்லை. ஆனால் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போகும்போது ஒன்றாகத்தான் போவோம். அப்போது அடியில் கிடக்கிற மணல் தெரியும். அம்மன் திருவிழாவுக்குக் கரகச் செம்பை அந்த ஆற்றில்தான் நிரப்பி, வேப்பிலை கட்டி, தலையில் தூக்கி வருவார்கள்.

பிறகு ரப்பர்ப் பால்மரத்தை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள். ஆற்றுக்கு மேலே எண்ணெய் ஆலை வந்தது. வீடுகள் கூடின, சாக்கடைகளும் கூடின. ஆறு கறுத்துப்போனது. ஒரு வருஷம் கரகம் எடுக்க இறங்கிய பூசாரி, காலெல்லாம் தடித்து அரிப்போடு ஏறி வந்தார். அதற்கப்புறம் கோயில் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கோயில் பின்பக்கக் குழாயிலிருந்து ரப்பர் பைப்பைக் கரை வரைக்கும் இழுத்து, அங்கே வைத்துச் செம்பை நிரப்புவது. எல்லாரும் கும்பிட்டோம். நீங்க மட்டும் கூட்டத்துக்குள்ளிருந்து கேட்டீங்க, “தலைவரே, தண்ணி பில்லு அம்மன் பேருக்கு வருமா, உங்க பேருக்கா?”

அன்றைக்கு ராத்திரி சோறு நீங்க சாப்பிடவில்லை. சிரிக்கச் சிரிக்கப் பேசியதெல்லாம் உள்ளே வலித்துப் பேசியது என்று எனக்கு மட்டும் தெரியும்.

தண்ணி கம்பெனிக்காரர்கள் வந்தது அதற்கப்புறம்தான். நம் ஆறு கீழே போய்ச் சேருகிற இடத்தில் அவர்களுடைய சுத்திகரிப்பு லோஜி இருக்கிறது. அங்கே சுத்தம் செய்துதான் எல்லார் வீட்டுக் குழாய்க்கும் அனுப்புகிறார்கள். மேலே ஆறு கெட்டால் அவர்களுக்கும் பாடு. ஆற்றைக் காப்பாற்ற ஊர்ச் சனங்கள் கூட வரவேண்டும், ஊருக்கும் நாங்கள் ஏதாவது செய்து தருகிறோம் என்றார்கள். என்ன வேண்டும் என்று பாலாய் ராயாவில் கூட்டம் போட்டுக் கேட்டார்கள். ஒருவர் மண்டபத்துக்குக் கரண்டுக் காற்றாடி கேட்டார், ஒருவர் நாற்காலியும் கூடாரமும் கேட்டார். நீங்க எழுந்து, ஆற்றில் இறங்கப் படிக்கட்டு வேண்டும் என்றீங்க.

தலைவர் சிரித்த சிரிப்பு எனக்கு மறக்காது. “சாக்கடைக்குப் படிக்கட்டா? நல்லாருக்கு லா.” கூட்டமும் சேர்ந்து சிரித்தது. கம்பெனி சார்பில் வந்த மலாய்க்காரப் பெண், நாமெல்லாம் புவான் என்று கூப்பிடுவோமே, அவர் மட்டும் சிரிக்கவில்லை. அம்மா முறையில் உங்களை மக்சிக் என்று கூப்பிட்டு, முதலில் இறங்குகிற மாதிரி ஆறு ஆகட்டும், அப்புறம் படிக்கட்டு என் பொறுப்பு என்றார்.

அன்றிலிருந்து நீங்க விடவில்லை, என்னையும் விடவில்லை. கரையில் மரக்கன்று நட்டோம். சமையல் எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதே என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். ஆலைக் கழிவைப் பற்றிக் கம்பெனிக்காரர்கள் மேலிடத்துக்கு எழுதி எழுதி, ஆலைக்காரர்களும் கழிவுக் குளங்களைப் பெரிதாக்கினார்கள். குப்பையைத் தடுக்க ஆற்றின் குறுக்கே மிதவைக் கயிறு கட்டினார்கள். அதில் சேர்ந்ததை முதல் தடவை வாரி எடுத்த அன்றைக்கு நாம் இருவரும் கரையில் நின்றோம்.

பாட்டில், பை எல்லாம் வரும் என்று தெரியும். ஆனால் பாதிக்கு மேல் நம்முடையது. பூசைக்குப் போட்ட மாலை, எலுமிச்சம்பழம், மண் குடம், கருமாதித் துணி. அதோடு சாமி படங்கள். சட்டம் போட்ட படங்கள், கண்ணாடி உடைந்து, சேறு அப்பி. பழைய படத்தை ஆற்றில் விடுவதுதானே நம் வழக்கம். நானும் விட்டிருக்கிறேன், நீங்களும் விட்டிருக்கீங்க. ஆட்கள் மற்றதையெல்லாம் சாக்கில் திணித்தார்கள். புவான் அந்தப் படங்களைத் திணிக்க விடவில்லை. தன் மழைக்கோட்டைத் தரையில் விரித்து, ஒவ்வொன்றாகத் துடைத்து, முகம் மேலே பார்க்க அடுக்கினார். அப்புறம் நம் பக்கம் திரும்பி, இதை எங்கே வைக்க வேண்டும் மக்சிக், எனக்குத் தெரியவில்லை என்று மெதுவாகக் கேட்டார்.

 உங்களுக்கு வாய் அடைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த வெள்ளிக்கிழமையே கோயில் கூட்டத்தில் எழுந்து நின்னீங்க. ஆலைக்காரன் ஊற்றுகிற அழுக்கை விட்டுவிட்டு நாலு மாலை போட்டதையா பேச வந்தீர்கள் என்றார் தலைவர்.

“ஆலைக்காரனையும் கேப்போம் தலைவரே. ஆனா நம்ம சாமிய குப்பைச் சாக்குல போட மனசு வராம ஒரு மலாய்க்காரப் பொண்ணு கைல வச்சிக்கிட்டு நின்னுச்சு. அதுக்குத் தெரிஞ்ச மரியாத நமக்குத் தெரியலையேன்னு எனக்குக் கூசுது.”

 கம்பெனி கொடுத்த பெரிய பிளாஸ்டிக் பீப்பாய்த் தோம்புகளைக் கோயில் பின்னால் வைத்தீங்க, மாலையெல்லாம் அதில் மக்கி உரமாகட்டும் என்று. பழைய படங்களுக்கு ஓர் அறை ஒதுக்க வைத்தீங்க. கருமாதி முடித்துக் குடத்தோடு வருகிறவர்களைக் கரையிலேயே மடக்கினீங்க. என்னென்ன பேச்சு வாங்கினீங்க! உங்க சொந்த அண்ணியே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். ஒருத்தன், தண்ணி கம்பெனி உனக்கு மாசச் சம்பளம் கொடுக்குதா என்று கேட்டான். “குடுக்குதே. உன் வீட்டுக் குழாயைத் தெறந்து பாரு, அதான் என் சம்பளம்” என்றீங்க. அவன் மனைவி அன்றைக்கே மாலையைத் தோம்பில் கொண்டுவந்து போட்டாள்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் நிறம் மாறியது. விரால் மீன் வந்தது. தூண்டில்காரர்கள் வந்தார்கள். புவான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், சிமெண்டு கொட்டிப் படிக்கட்டு எழும்பியது. காய்வதற்குள் கால் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டு மேஸ்திரியிடம் திட்டு வாங்கினீங்க. திருவிழாவுக்கு இன்னும் சில மாதம்தான். இந்த வருஷம் கரகம் ஆற்றில்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னீங்க. அப்புறம் ஒரு மத்தியானம், நெஞ்சு கரிக்கிறது என்று என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தவங்க எழுந்திருக்கவில்லை.

பங்காளி வீட்டுச் சாவு. ஒரு வருஷத்துக்கு நான் கோயிலுக்குப் போகக்கூடாது, திருவிழாவில் கலக்கக்கூடாது. நீங்க போனதால் வந்த தீட்டே, நீங்க கேட்ட படிக்கட்டில் என்னைக் கால் வைக்க விடவில்லை. அதனால் கரகம் எடுக்கிற அன்றைக்கு அக்கரைக்குப் போய், நாம் நட்ட மரத்தடியில் நின்றேன். சற்று நேரத்தில் புவானும் கம்பெனிச் சட்டையோடு வந்தார். ஏன் இங்கே தனியாக நிற்கிறீர்கள் என்றார். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் போகாமல் என்னோடு நின்றுவிட்டார்.

உறுமி மேளம் முழங்க, தலைவர் முதலில் இறங்கினார். பின்னால் பூசாரி கரகச் செம்போடு. அதற்கும் பின்னால் ஒருவர் கையில் நீலக் கலர் பிளாஸ்டிக் தோம்பு. பார்த்ததுமே புரிந்தது, அதில் கோயில் குழாய்த் தண்ணீர். ஆற்றங்கரையில் வைத்து அதைத்தான் செம்பில் ஊற்றப் போகிறார்கள்.

தண்ணீர் ஓரம் வரைக்கும் போய்விட்டேன் அக்கா. தலைவர் தோம்பு மூடியில் கை வைத்தார்.

“தலைவரே! அத மூடுங்க. ஆத்துல மொள்ளுங்க.”

மேளம் நின்றது. இருந்த சனமெல்லாம் அக்கரையைப் பார்த்தது. தீட்டுக்காரி, பூசை நடுவில் கத்துகிறாள். தலைவர் கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். அவர் பயந்த குரலில் பேசினார். “புள்ளைங்க மேல தெளிக்கிற தண்ணிம்மா. முன்ன மாதிரி அரிப்பு கிரிப்பு வந்தா யாரு பதில் சொல்றது?”

“நான் எறங்கலாம்னா எறங்கிக் காட்டிருவேன். எனக்குத் தீட்டு. நீங்க எறங்கிப் பாருங்க.”

 தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசிப் படி வரைக்கும் வந்தார். கையில் அள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். முகத்தில் அடித்துக் கழுவினார். இன்னொரு தடவை அள்ளி, கழுத்தெல்லாம் கழுவினார். சொட்டச் சொட்ட என்னை நிமிர்ந்து பார்த்து, “போதுமா?” என்றார்.

“போதும்” என்றேன்.

பூசாரி படியில் இறங்கிச் செம்பை அமுக்கினார். தண்ணீர் உள்ளே போகிற சத்தம் எங்கள் கரைக்குக் கேட்கவில்லை, ஆனாலும் எனக்குக் கேட்டது. உங்க அண்ணிதான் முதலில் குலவை போட்டார். தோம்புத் தண்ணீரை மேளக்காரர்கள் குடித்துத் தீர்த்தார்கள். கரகம் ஏறிப் போவதை, மரங்கள் மறைக்கும் வரைக்கும் நின்று பார்த்தேன். புவான் என் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தார். 

நான் எப்படிப் பேசுகிறவள் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் இருந்தும், “என்னடி, வாய்க்குள்ளயே முணுமுணுக்கிற” என்று திட்டுவீங்க. அன்றைக்கு ஓர் ஆற்றைத் தாண்டிக் கேட்கிற மாதிரி பேசினேன். மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டது. மகள் சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். நான் குடிக்கவில்லை, அந்தத் தொண்டைக்கட்டு இருக்கிறவரைக்கும் இருக்கட்டும் என்று வைத்திருந்தேன். இப்போது தொண்டை சரியாகிவிட்டது அக்கா. குரல் மட்டும் பழைய அளவுக்கு இறங்கவில்லை.