சப்பைமூக்கு அசல்தான்

மார்ச் 3

இன்றும் பழைய வண்டிக்காரர்களின் ஆன்லைன் குழுவில் சண்டை. நான் ஆரம்பிக்கவில்லை. நம் பிக்கப்பின் படத்தைப் போட்டேன், அவ்வளவுதான். "மலை ஏறப் பிறந்தவன், இப்போது அம்மாவின் நர்சரிக்குச் செடி சுமக்கிறான்" என்று ஒரு வரி. உடனே எவனோ, "மூஞ்சில லாரி ஏறிருச்சா?"

எல்லாம் மட்கார்டால் வந்த வினை. உலகம் பூராவும் இந்த மாடலுக்கு முன்சக்கர மட்கார்டு உருண்டு இருக்கும். நம்முடையது சப்பை மூக்கு. தகட்டை அட்டைப்பெட்டி மாதிரி மடக்கியது. பாகம் பாகமாகக் கப்பலில் வந்து இங்கே பூட்டிய வண்டி இது. தகட்டை உருட்டி அழுத்தும் பெரிய மெஷின் அப்போது இங்கே இல்லை, அதனால் மடக்கிவிட்டார்கள். அதாவது இது ஓட்டை உடைசல் இல்லை, நம் பக்கத்துக்கே உரிய தனி ரகம்! இதுதான் என் கட்சி. கட்சியில் நான் ஒருத்திதான்.

மார்ச் 5

ஐயோ. அரசாங்க உத்தரவு வந்திருக்கிறது. வயசான வண்டிகளை எல்லாம் இந்த மாதக் கடைசிக்குள் நசுக்க அனுப்ப வேண்டுமாம். பழைய வண்டிக் கிளப் "அசல்" என்று சான்று கொடுத்தால் மட்டும் தப்பும். கிளப் செயலாளர் யார்? குழுவில் என்னை "பாப்பா" என்று கூப்பிடும் அதே ஆள். நல்லா மாட்டினேன்.

மார்ச் 8

"இந்த ரகத்துல மொத்தமே நாப்பது வண்டிதான்" என்று எழுதித் தொலைத்தேன். "யார் எண்ணினது பாப்பா?" என்றார் செயலாளர். யாரும் எண்ணவில்லை. வாய் முந்திக்கொண்டது. அழித்துவிட்டேன். எண்ணிக்கைதான் புருடா. மூக்கு புருடா இல்லை.

மார்ச் 11

கிளப் ஷெட்டில் பரிசோதனை. விடிகாலையிலேயே வண்டியைக் கழுவி, பின்னால் கிடந்த உரச் சாக்கை எல்லாம் இறக்கிவிட்டு, அம்மாவும் நானும் போனோம்.

செயலாளர் கம்பெனியின் கேட்லாக்கை பானட் மேல் விரித்தார். பக்கத்தில் அவருடைய பச்சை வண்டி, அதே மாடல், உருண்டை மட்கார்டு, கண்ணாடியில் வரிசையாகப் பரிசு ஸ்டிக்கர்.

"அசல்னா அது பாப்பா. உன்னுது ஏதோ டிங்கர் கைவரிசை."

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மடிப்பு இருக்கே சார்?"

"நல்ல டிங்கர் போல."

சுற்றி நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அப்புறம் அவரே மனம் இரங்கி, "என்கிட்ட ஒரு ஜோடி உருண்டை சும்மாதான் கிடக்கு. எடுத்துட்டுப் போய் மாட்டிட்டு வா. அன்னைக்கே சான்று" என்றார்.

கெட்ட மனுஷன் என்று திட்டக்கூட முடியவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

மார்ச் 12

அம்மா: "மாட்டு. சான்று வாங்கு. கழட்டு. இதுல என்னடி கஷ்டம்?"

கஷ்டம் இருக்கு. சான்றில் படம் ஒட்டுவார்கள். நாளைக்கு எவனாவது தேடினால் அந்தப் படம்தான் கிடைக்கும். இப்படி ஒரு மூக்கு இருந்ததே இல்லை என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். மாட்டேன்.

"அப்ப செடியத் தலையில சுமக்கிறியா?"



மார்ச் 14

ஸ்பேனரை எடுத்தேன். ஆமாம், எடுத்தேன். அம்மாவுக்காக. சும்மா வைத்துப் பார்ப்போம் என்று.

சப்பையைக் கழற்றிவிட்டு, அன்றைக்கு அம்மா கையோடு வாங்கி வந்த உருண்டையைப் பொருத்தினால் — மேலே உட்காருகிறது, ஆனால் உருண்டையின் இரண்டு போல்ட்டுக்கு எதிரே கேபினில் துளையே இல்லை! வெறும் தகடு. வலது பக்கமும் அதே கதை. செயலாளருக்குப் போன் போட்டேன்.

"டிரில் போட்டுக்கோ பாப்பா. நானும் போட்டேன். இந்தப் பக்கம் எல்லாரும் போட்டுத்தான் மாட்டினோம்."

"எல்லாருமா சார்?"

"எல்லாரும்தான். வாங்குறப்பவே எவனாவது மடக்குத் தகடு அடிச்சு வச்சிருப்பான். அதைத் தூக்கிப் போட்டுட்டு—"

"சார். உங்க பச்சை வண்டிக்கும் சப்பைதான் இருந்துச்சா?"

கனைத்தார். நான் விடவில்லை.

"எல்லா வண்டியிலயும் சப்பை. எல்லா வண்டியிலயும் உருண்டைக்குத் துளை இல்லை. அப்ப எல்லா வண்டியும் தப்பா சார், இல்ல கேட்லாக் வேற ஊருக்குப் போட்டதா?"

வைத்துவிட்டார்.

மார்ச் 15

குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். போங்கடா.

மார்ச் 17

என் சொந்த இணையப் பக்கத்தில் வீடியோ போட்டேன். சப்பையின் போல்ட்டுகள் எல்லாம் கேபினில் ஏற்கனவே உள்ள துளைகளில் விரலால் திருகினாலே உட்காருகின்றன. உருண்டை உட்காரவில்லை. "மட்கார்டு மாட்ட யாரெல்லாம் துளை போட்டீங்க? கையத் தூக்குங்க" என்று கேட்டேன்.

கைகள் வந்துகொண்டே இருக்கின்றன! ஒருத்தர் கழற்றிய சப்பையைக் கோழிக்கூண்டுக்குக் கூரையாக வைத்திருக்கிறார். மழை ஒழுகலியாம்.

மார்ச் 22

கிளப்பிலிருந்து பதில் இல்லை. நசுக்கும் இடத்துக்கு எந்த வழியாகப் போவது என்று அம்மா விசாரித்து வைத்திருக்கிறாள். "உருண்டை இன்னும் நம்ம ஷெட்லதான் கிடக்கு" என்றாள் மெதுவாக. துளை போட மாட்டேன் என்றேன். "யாரு மாதிரிடி நீ?" என்றாள். அவளையே பார்த்தேன். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் வண்டிக்குள் போய் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். போனாலும் தன் மூஞ்சியோட போகட்டும். எவன் மூஞ்சியையோ மாட்டிக்கிட்டு இருக்க வேணாம்.

மார்ச் 27

செயலாளர் நர்சரிக்கு வந்தார். "செடி வாங்க வந்தேன்" என்றார். சட்டைப் பையில் அளவு டேப்.

"என்ன செடி வேணும்?" என்றாள் அம்மா.

"ஏதாவது... பச்சையா."

பிக்கப் பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மடிப்பைத் தடவினார். கேபின் ஓரத்துப் போல்ட்டை விரலால் திருகினார், விட்டார், மறுபடி திருகினார். அம்மா எனக்குக் கண் காட்டினாள்: வாயைத் திறக்காதே. திறக்கவில்லை. எவ்வளவு கஷ்டம் தெரியுமா!

"ஏம்மா, சான்றுல ஒட்ட ஒரு படம் வேணும். மூக்கு நல்லாத் தெரியுற மாதிரி எடு." எழுந்திருக்காமலே என்னிடம் சொன்னார். "அப்புறம், பெரிய அட்டை ஏதாவது இருக்கா?"

பூத்தொட்டி வந்த பெட்டியைப் பிரித்துக் கொடுத்தேன். மட்கார்டின் மேல் சாத்தி, பென்சிலால் ஓரத்தைக் கோடு இழுக்க ஆரம்பித்தார். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.

"என்னோட சப்பைய அப்பவே இரும்புக் கடையில போட்டுட்டேன், இத வச்சுத்தான் புதுசா மடக்கணும்" என்றார். "ஆடாமப் பிடி."

"நீங்க மூலைய உருட்டாம வரைங்க சார்."