கரடிக்குள் நீ இருந்த காலம்

போன வாரம் செங்கல்பட்டில் புதிதாகத் திறந்த ஜவுளிக்கடை வாசலில் ஒரு கரடி நின்றது. பழுப்பு நிறம், வயிற்றில் வெள்ளை வட்டம். வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் கைகொடுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் போனதும் வாடைதான் முதலில் என்னைத் தாக்கியது. வியர்வை ஊறிய ஸ்பாஞ்சு, அதன்மேல் டெட்டால், அதற்கும் மேலே மலிவான பவுடர். படியேறாமல் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஒரு பெண் தன் தங்கையிடம், "உள்ள இருக்கறதெல்லாம் வடக்கத்திப் பசங்கதான். புள்ளயக் கெட்டியா புடிச்சிக்கோ" என்றாள்.

இன்னும் பேசுகிறார்கள், பார்த்தாயா.

திருவிடந்தைக்குப் பக்கத்தில் கடலோரமாக இருந்த அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் நாம் வேலைக்குச் சேர்ந்தபோது கிழக்குக் கடற்கரைச் சாலை இவ்வளவு அகலமில்லை. காலையில் செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரத்தில் இறங்குவோம். அங்கிருந்து பூங்காவின் வேன். எனக்கு போட்டோ ஸ்டால். நீ கரடி. செல்வம் முயல், பாஷா யானை. உங்களோடு பிள்ளைகளை நிற்கவைத்துப் படம் எடுத்து, கையோடு கொடுத்து அனுப்புவது என் வேலை.

மூன்று பேரில் பிள்ளைகள் உன்னைத்தான் தேடி வரும். பாட்டு போட்டதும் இடுப்பை ஆட்டுவாய், வேண்டுமென்றே தடுமாறி விழுவாய், எழ முடியாததுபோல் கால்களை உதைப்பாய். கொஞ்ச நேரத்தில் உடை மாற்றும் ஷெட்டுக்குப் பின்னால் ஓடிவந்து கரடித் தலையைக் கழற்றுவாய். முடியெல்லாம் நனைந்து நெற்றியில் ஒட்டியிருக்கும். "ஒலகத்துல எங்கியாச்சும் காத்துன்னு ஒண்ணு கீதாடி?" என்று கேட்டபடியே தண்ணீர்ப் பாட்டிலைக் காலி செய்வாய்.

உங்கள் மூவரையும் பற்றி ஊருக்குள் உலவிய கதைகளை நீதான் சேகரித்துக்கொண்டு வருவாய். கரடியின் வாய்க்குள் இருந்த வலை வழியாகத்தான் உனக்கு வெளியே தெரியும். அந்த வலைக்கு அப்பால் ஒரு ஆள் நின்று கேட்டுக்கொண்டிருப்பதை மறந்துவிட்டு ஜனங்கள் பேசுவார்கள்.

"இன்னிக்கி இன்னா தெரியுமா? நாங்க மூணு பேரும் ஜெயில் கைதிங்களாம். காலைல கொண்டாந்து வுட்டுட்டு, சாயங்காலம் தலய எண்ணிக் கூட்டினு போறாங்களாம்."

இன்னொரு நாள், போன கோடையில் கரடிக்குள்ளேயே ஒருத்தன் மூச்சடைத்துச் செத்துவிட்டானாம். சவுக்குத் தோப்பில் புதைத்துவிட்டார்களாம். இப்போது ஆடுவது அவன் ஆவியாம். அதைச் சொல்லிவிட்டு என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாய். "வலிக்குதா? அப்ப நான் ஆவி இல்ல." மார்க்கெட் போன சினிமா நடிகை ஒருத்திதான் கரடிக்குள் இருக்கிறாள் என்ற கதையை நீயே கட்டி, பாப்கார்ன் விற்கிறவரிடம் சொல்லிவைத்தாய். அது சுற்றிச் சுற்றி ஒரு கண்டக்டர் வாய் வழியாக நம்மிடமே திரும்பி வந்தது. அதற்குள் அந்த நடிகைக்கு இரண்டு குழந்தைகளும் ஒரு கோர்ட்டு கேசும் சேர்ந்திருந்தன. அன்றைக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாய்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நாள்களில் ஒன்றில்தான் அது நடந்தது. ஒரு சின்னப் பெண் ஓடிவந்து உன்னைக் கட்டிக்கொண்டாள். நீ குனிந்து அவள் கன்னத்தில் கரடி மூக்கை உரசினாய். நான் கேமராவைத் தூக்குவதற்குள் அவள் அம்மா பாய்ந்து வந்து பிள்ளையைப் பிடுங்கினாள். குழாயடிக்கு இழுத்துப் போய் அந்தக் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

"குஷ்டரோக ஆஸ்பத்திரில இருந்து ஆளுங்கள இட்டாந்து உள்ள வுட்டுக்கீறானுங்க. இல்லாங்காட்டி எதுக்கு மூஞ்சி, கையி, காலு எல்லாத்தயும் மூடி வெக்கிறான்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினாள்.

விரித்த கைகளை மடக்காமல் நீ அப்படியே நின்றாய்.

சாயங்காலம் பஸ்ஸில் அதையும் நடித்துக் காட்டுவாய் என்று காத்திருந்தேன். திருக்கழுக்குன்றத்து மலை கண்ணில் பட்டதும் முந்தானைக்குள்ளிருந்து இடது கையை எடுத்து என் மடியில் வைத்தாய். அவ்வளவு நாள் பழகியும் அந்தக் கையை நான் முழுதாகப் பார்த்ததில்லை. கையுறைக்குள் இருக்கும், இல்லையென்றால் முந்தானைக்குள். கடைசி இரண்டு விரல்களும் உள்ளங்கையை நோக்கி வளைந்திருந்தன.

"பன்னண்டு வயசுல வந்துச்சி. மருந்து சாப்ட்டேன், போயிடிச்சி. யாருக்கும் ஒட்டாது, பயப்படாம இருன்னு டாக்டரே சொல்லிட்டாரு. வெரலு மட்டும் நிமிரல." வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாய். "வேல கேட்டுப் போன எடத்துல எல்லாம் கையப் பாத்துட்டு, அப்பால வான்னாங்க. கரடிக்குத்தான் எவனும் வெரலப் பாக்கல."

அந்தப் பேச்சு தீயாகப் பரவியது. பள்ளிக்கூடங்களிலிருந்து வருகிற பிள்ளைகளை வாத்தியார்கள் உங்கள் பக்கமே விடவில்லை. என் ஸ்டாலில் ஈ ஓட்டினேன். கடைசியில் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். "ஞாயித்துக்கெழம மேடையில ஒருத்தர் ஒருத்தரா வந்து தலையையும் கையுறையையும் கழட்டிக் காட்டுங்க. ஜனங்க கண்ணால பாக்கட்டும். அப்பதான் இந்தப் பேச்சு அடங்கும்." கெட்ட மனிதர் இல்லை. உன் கையைப் பற்றி அவருக்குத் தெரியாது.

ஷெட்டுக்குப் பின்னால் நீ செல்வத்திடமும் பாஷாவிடமும் கையைக் காட்டினாய். செல்வம் தலை குனிந்துகொண்டான். பாஷாதான், "இதுக்கா அழுவுற? யானையா ஒரு தபா வரேன். எறங்கி ஓடியாந்து கரடிய மாட்டிகினு இன்னொரு தபா வரேன். தலைல துண்டு கட்டிகினா எவனுக்குத் தெரியப்போவுது?" என்றான். உனக்குக் காய்ச்சல் என்று மேனேஜரிடம் அவனே போய்ச் சொன்னான். அவருக்கு வேண்டியது காட்டுவதற்கு இரண்டு கைகள். யாருடைய கைகள் என்று அவர் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீயும் நானும் போட்டோ ஸ்டாலின் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தோம். உன் கரடி மேடைக்கு வந்தது. தலையைக் கழற்றியது. கையுறைகளை உருவி எறிந்தது. பாஷா பத்து விரல்களையும் விரித்து உயர்த்தி, ஒவ்வொன்றாக ஆட்டிக் காட்டினான். கைதட்டல் காதைப் பிளந்தது. பிள்ளைகள் மேடைமீதே ஏறி அவன் மேல் விழுந்தன.

"எவ்ளோ அழகா விரிக்கறான் பாரேன்" என்றாய். கொஞ்சம் கழித்து, "எனக்கில்லடி அந்தக் கைதட்டு" என்றாய்.

மறுநாளிலிருந்து கூட்டம் திரும்பியது. பிள்ளைகள் உன்னைக் கட்டிக்கொண்டன, நான் படம் எடுத்தேன். ஆனால் நீ ஆடவில்லை, விழவில்லை. ஏதாவது ஒரு வாண்டு கையுறையைப் பிடித்து இழுத்தால் வெடுக்கென்று கையைப் பின்னால் கொண்டுபோனாய். மழைக்காலம் தொடங்குமுன் வேலையை விட்டு நின்றுவிட்டாய்.

"நல்லதுன்னு நெனச்சித்தான் செஞ்சேன்" என்று பாஷா உன்னிடம் வந்து கலங்கினான்.

"ஒம்மேல கோவம் இல்லடா. நானே ஏறிக் காட்டியிருக்கணும். ஜனங்க அடிச்சிருந்தாலும் அன்னியோட முடிஞ்சி போயிருக்கும்" என்றாய்.

அதன்பின் உன் அண்ணன் வீட்டுச் சமையல்கட்டுதான் உனக்கு உலகம். மார்க்கெட்டில் எப்போதாவது பார்ப்போம். இடது கையைப் பைக்கு அடியில் மறைத்தபடி, "வூட்டுக்கு வாயேன்" என்பாய். சில வருஷங்களில் மஞ்சள் காமாலை வந்து, ஒரு வாரம்கூடத் தாங்காமல் போய்விட்டாய். பாஷாதான் போன் செய்து சொன்னான்.

நான் வந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வாசலில் இரண்டு பெண்கள், "அந்த வியாதிதான் திரும்பிடிச்சாம்" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். "மஞ்சக் காமாலை" என்றேன் உரக்க. அவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். உன் வலது கை வெளியே தெரிந்தது. இடது கையின் மேல் மட்டும் ஒரு மாலையை மடித்துப் போட்டு மூடியிருந்தார்கள். நான் அதை எடுத்து உன் காலடியில் வைத்தேன்.

உன் அண்ணி பதறினாள். "இன்னாம்மா பண்ற? நாலு பேரு வந்து போற எடம். மூடியே இருக்கட்டும்."

"இருக்கட்டும் அண்ணி. பாத்தா பாக்கட்டும்."

வெளியே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அதற்குள் யாரோ மறுபடியும் பூவைப் போட்டு மூடியிருந்தார்கள். மறுபடியும் எடுத்தேன். இந்த முறை நான் எழுந்திருக்கவில்லை. உன் இடது கையை என் கைக்குள் வைத்துக்கொண்டு, வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி, உன்னைத் தூக்குகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நிமிராத அந்த இரண்டு விரல்களுக்கு என் விரல்கள் எப்படி வளைந்து இடம் கொடுத்தன என்பது இன்றைக்கும் என் கைக்குத் தெரியும்.