உரித்து வைத்த வெங்காயம்

நாளைக்கு வெங்காயம் போடுவதா, வேண்டாமா? எனக்குத் தெரியவில்லை. சின்ன வெங்காயத்தை உரித்துக் கிண்ணத்தில் வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் வாசனை போகவில்லை. கேட்க நீ இல்லை.

நீ அனுப்பிய விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. நீ மார்கழியில் போய்ச் சேர்ந்தாய். கடிதம் மாசியில் வந்தது, உன் பெயரும் என் பெயரும் சேர்த்து. பேர்போன ஓட்டல் பண்டத்தை ருசியை மட்டும் வைத்து அப்படியே சமைத்துக் காட்டும் அந்த டிவி போட்டி, இந்தத் தடவை வேங்கிக்கால் கல்யாண மண்டபத்தில். பண்டம், கோயில் பக்கத்து ஓட்டலின் இட்லி சாம்பார். நம் சாம்பார்.

என்னைக் கேட்காமலே என் பெயரையும் எழுதி அனுப்பிவிட்டு, அன்றைக்கே வந்து சொன்னாய். "எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணின நாடகம்" என்றேன். "இருக்கட்டுமே புரொபசரம்மா. அந்த நாடகத்துல நமக்கு ஒரு இட்லி வேஷம் குடுக்க மாட்டாங்களா?" என்று சிரித்தாய்.

மலை சுற்றுவதில் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. பௌர்ணமிதோறும் விடியற்காலையில் நடந்தது உனக்காக. முடிவில் காத்திருக்கும் சாம்பாருக்காகவும். அதைத் தூக்குவாளியில் வாங்கி வந்து, என் சமையலறையில் டீ வடிகட்டியில் ஊற்றுவாய். வடிகட்டியில் நின்றதையெல்லாம் நான் நோட்டில் எழுதுவேன். அந்தக் குழைவுக்குக் காரணம் பருப்பு அல்ல, மசித்த பரங்கிக்காய் என்று கண்டுபிடித்தவள் நீ. "உங்க காலேஜ்ல எனக்கு ஒரு டாக்டர் பட்டம் குடுக்கச் சொல்லுடி" என்றாய். அதே பக்கத்தில் என் கையெழுத்தில், அடிக்கோடிட்டு: வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை.

இன்று பிற்பகல், கடைசியாக ஒரு தடவை ருசி பார்க்கத் தனியாகப் போனேன். இட்லி மேல் ஊற்றியதும் சின்ன வெங்காயம் மிதந்தது.

"சாம்பார மாத்திட்டீங்களா?"

பரிமாறியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "தினமும் இதாங்கம்மா. பௌர்ணமிக்கு மட்டுந்தான் வெங்காயம், பூண்டு போட மாட்டோம். மலை சுத்தறவங்க ஜாஸ்தி பேரு அதைத் தொட மாட்டாங்க இல்ல?"

புள்ளியியல் நடத்துகிறவள் நான். ஒரே வகை நாளில் எடுத்த மாதிரிகளை வைத்து முடிவுக்கு வராதீர்கள் என்று வருடாவருடம் மாணவிகளிடம் சொல்கிறேன். நாமோ பௌர்ணமியைத் தவிர வேறொரு நாளும் அங்கே சாப்பிட்டதில்லை. இலை முன்னால் தனியாகச் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

"ஜெயிக்கத்தானடி போறோம், போடுடி வெங்காயத்த" என்றுதான் நீ சொல்வாய். இன்றைக்குத் தெரிந்துகொண்ட சாம்பாரை உன் பெயரில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. யார் பக்கம் நியாயம் என்று தெரியாது. ஆனால் போவேன். மேடை என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு. இருந்தாலும் இரண்டு பெயரையும் நானே சொல்வேன்.

மறுநாள் நடந்தது இது. வெங்காயக் கிண்ணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். மைக்கில் முதலில் உன் பெயரைச் சொன்னேன், பிறகு என் பெயரை. நடுவர் அந்த ஓட்டலின் சமையல்காரர். ஒரு கரண்டி ருசித்தார். யோசித்தார். யாரும் கேட்காமலே இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டார்.

"பரங்கிக்காகூட கரெக்டா இருக்குது. எங்க சாம்பாரேதாம்மா" என்றார். "ஆனா, இன்னைக்குப் பௌர்ணமி இல்லீங்களே."

பரிசு கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்குப் போனது. வீட்டுக்கு வந்து, நோட்டில் அடிக்கோடிட்ட வரிக்குப் பக்கத்தில் எழுதினேன்: பௌர்ணமிக்கு மட்டும்.