தலை எண்ணெய்க் குப்பியில் ஒரு கோடு

1996 பிப்ரவரி 6
மணி பதினொன்று கழிந்தது. இந்த நேரத்தில் எழுதுவதை டயறி பொறுத்துக்கொள்ளட்டும். பகலில் எழுதினால் மாமி கண்ணில் படும்.

இவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று வாரம். முப்பத்தெட்டு வயதில் மாரடைப்பு. தேங்காய் எண்ணெயே கூடாது என்று நெய்யாற்றின்கரை டாக்டர் சொன்னதால், சமையலுக்கு சூரியகாந்தி எண்ணெய் வாங்கினேன். இன்று குழந்தை ஆதிராவை உறங்கவைத்துவிட்டு வந்தேன். மாமி எனக்குச் சோறு விளம்பிய கையில் தேங்காய் எண்ணெய் மணம். கேட்டேன்.

“அடுக்களையில நான் அதைத் தொட்டதில்ல மக்கா.”

நம்பவா?

பிப்ரவரி 9
வீட்டில் இருப்பது தலைக்கும் குழந்தைக்கும் தேய்க்கிற ஒரு குப்பிதான். அதில் பேனாவால் கோடு போட்டேன்.

பிப்ரவரி 13
கோட்டுக்குக் கீழே இரண்டு விரல். மகனுக்கு ருசி வேண்டும் என்று அவியலில் ஊற்றுகிறார்களோ?

பிப்ரவரி 18
இவருக்குத் தளர்ச்சி. ராத்திரி நாலு தடவை எழுந்து வெள்ளம் குடிக்கிறார். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கொண்டுவந்த குளுக்கோஸ் பொடி அலமாரி நிறைய இருக்கிறது. தினம் மூன்று தம்ளர் நானே கலக்கிக் கொடுக்கிறேன். கெமிஸ்ட்ரி படித்தவள் அல்லவா, டப்பாவைப் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்: கொழுப்பு இல்லை.

பிப்ரவரி 25
குப்பி பாதியாகிவிட்டது. இவர் நடக்கப் போன நேரம் பார்த்துக் கேட்டேவிட்டேன் — உங்க மகனைக் கொல்லப் பாக்கியளா?

மாமி சொன்ன பதில்: “உனக்கு மாப்பிள ஆவதுக்கு முன்னாலே அவன் எனக்க மகனாக்கும்.”

அவ்வளவுதான். இரண்டு சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, காஞ்சிரங்குளத்துக்கு, மகள் ஸ்ரீகுமாரி வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். இவரிடம், மாமிக்கு மகளைப் பார்க்க ஆசை என்று சொன்னேன்.

பிப்ரவரி 28
குளிப்பாட்ட மாமி இல்லாமல் ஆதிரா ஒரே அழுகை. இவருக்குத் தளர்ச்சி குறையவில்லை. எண்ணெய்தான் இல்லையே, பிறகு ஏன்?

மார்ச் 4
ரத்தப் பரிசோதனை. சர்க்கரை முந்நூறுக்கும் மேல். நான் எண்ணெய்க் கதையைச் சொல்லத் தொடங்கினேன். டாக்டர் கை காட்டி நிறுத்தி, என்ன குடிக்கிறார் என்று கேட்டார். சொன்னேன்.

“எண்ணெய்க்குக் காவல் நின்னியள், சீனியைக் கதவு திறந்து விட்டியளே” என்றார்.

ரெண்டில் இதயத்துக்கு எது மோசம் என்று கேட்டேன். எண்ணெயிலும் கவனம் வேண்டும், ஆனால் இவரை இப்போது கெடுப்பது சர்க்கரை என்றார். காலில் எரிச்சல் உண்டா என்று இவரிடம் கேட்டார்.

உண்டாம். ஆஸ்பத்திரிக்கு முன்பிருந்தே. நான் குழந்தையை உறங்கவைக்கும் நேரம், தினமும் அம்மைதான் உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்துவிடுமாம். “உன்னிட்ட சொன்னா நீ பயப்படுவன்னு நான்தான் சொல்லாண்டாம்னேன்.”



மார்ச் 5
காலையில் தபாலில் போட்ட கடிதம். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

மாமி, எண்ணெய் எங்கே போச்சுதுன்னு அவங்க சொல்லிட்டாங்க. குளுக்கோஸைக் கலக்கிக் குடுத்தது நானாக்கும். அதை முழுசும் கொட்டியாச்சு. நேற்று ராத்திரி காலில் நான் தேய்ச்சேன், உங்க கை மாதிரி இல்லைன்னாங்க. நான் கேட்டது தப்பு. வருவியளோ மாட்டியளோ, சீக்கிரம் ஒரு வரி பதில் எழுதுங்க.