விட்டுப்போன பதினோரு ஃபோல்டர்கள்

அன்புள்ள சுண்டுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், கடையும் சௌக்கியம். நீயும் என் மருமகளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சண்டை போட்டாலும் அன்றைக்கே சமாதானமாகி நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இதை ஆரம்பிக்கிறேன். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் சொன்னால் இரண்டாவது வரியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வண்டியைக் கிளப்பிவிடுவாய். கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது, உட்கார்ந்து முழுசாகப் படி. சந்தோஷமான சேதிதான், முகத்தைச் சுருக்காதே.

நீ கம்ப்யூட்டருக்கு எழுதி அனுப்பினாயே இரண்டு கட்டளை, 'காட்டு' என்று ஒன்று, 'நகலெடு' என்று ஒன்று, அதைப் பற்றித்தான் சேதி. திங்கட்கிழமை ரிப்பேர்காரர் வந்து கடைக் கம்ப்யூட்டரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அக்கா, ஹார்ட் டிஸ்க் போயிட்டிருக்கு, இன்னிக்கோ நாளைக்கோ, உள்ள இருக்கறதை மொதல்ல வெளிய எடுத்துக்குங்க" என்று சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பத்தொன்பது வருஷமாக நான் ஷூ தைத்துக் கொடுத்த அத்தனை பேரின் பாத அளவும் அதற்குள்தானே இருக்கிறது. சும்மா கடையில் வாங்கிப் போட்டுக்கொள்கிற கால்களா அவை? ஒன்று வளைந்திருக்கும், ஒன்று வீங்கியிருக்கும், ஒன்றில் இரண்டு விரல் இருக்காது. பாதிப் பேரைத் திரும்ப வரவழைத்து அளவெடுப்பது நடக்கிற காரியமில்லை. ரிப்பேர்காரர் மவுஸால் இழுத்து இழுத்துப் போட்டுப் பார்த்தார், முக்கால்வாசியில் மூச்சை நிறுத்திக்கொண்டது, எது வந்தது எது வரவில்லை என்று அவருக்கே தெரியவில்லை. அப்புறம்தான் உனக்குப் போன் போட்டேன். நீ ஒரு மத்தியானத்துக்குள் எழுதி அனுப்பிவிட்டாய், அதுவும் அம்மாவுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று கட்டளைக்குத் தமிழிலேயே பெயர் வைத்து. அதைப் பார்த்து நான் கொஞ்சம் அழுதேன், அப்பாவிடம் பசை நெடி என்று சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நீ சொன்னபடி கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்ததும் உன் அப்பா கரண்ட் போய்விட்டது என்று மெயின் சுவிட்சைப் பார்க்கப் போய்விட்டார். நான் மட்டும் உட்கார்ந்து 'காட்டு' என்று அடித்தேன். அடேயப்பா, கடை முழுக்கத் திரையில் இறங்கி வந்தது. ஆளின் பெயர், அதற்குக் கீழே கொஞ்சம் உள்ளே தள்ளி இடது, வலது, மறுபடி அடுத்த ஆள், அடுத்த இடது, வலது. முதல் வருஷம் வந்த தபால்காரரிலிருந்து போன வாரம் வந்த நீச்சல் டீச்சர் வரை ஒருத்தர் விடாமல் வரிசையாக நின்றார்கள். என் வண்டவாளமும் சேர்ந்து வந்தது, 'புதுசு', 'புதுசு 2', 'கடைசி', 'நிஜமாகவே கடைசி' என்று நான் வைத்த பெயர்களைத் திரும்பி வந்த அப்பா படித்துப் படித்துச் சிரித்ததில் அவருக்குப் புரை ஏறிவிட்டது. கடைசி வரியில் ஃபைல் இத்தனை, ஃபோல்டர் இத்தனை என்று கணக்கும் வந்தது. ஃபோல்டர் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நான்கு.

பிறகு 'நகலெடு' அடித்தேன். நாற்பது நிமிஷம் ஆனது. முடிந்ததும் வெளியே மாட்டிய புது டிஸ்க்கில் 'காட்டு' அடித்துப் பார்த்தால் ஃபைல் எண்ணிக்கை அச்சு அசலாக அதே, ஃபோல்டர் மட்டும் ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து மூன்று. ஃபைல் சரியாக இருந்தால் போதும்மா என்று நீ எழுதியிருந்தாய், இருந்தாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு ஜோடியில் ஒரு தையல் குறைந்தாலே வெளியே அனுப்பமாட்டேன், பதினொன்று குறைந்தால் விடுவேனா? இரண்டு பட்டியலையும் அச்செடுத்து, வெட்டுகிற மேசையில் விரித்து, அப்பா ஒன்றைப் படிக்க நான் இன்னொன்றில் பென்சிலால் டிக் போட, சாப்பாட்டிலிருந்து டீ வரைக்கும் போனது. முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்த மனுஷர் அல்லவா, ஒவ்வொரு பெயரையும் ஸ்டாப்பிங் சொல்வதுபோலக் கத்திச் சொன்னார், பக்கத்துச் சலூன்காரர் வந்து என்ன ஆச்சு என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டு பட்டியலையும் ஒப்பிடக் கம்ப்யூட்டருக்கே தெரியும் என்று நீ மறுநாள் சொன்னாயே, அதை அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை, நீயும் வாயைத் திறக்காதே.

விட்டுப்போன பதினொன்றும் கிடைத்தன. பதினொன்றும் உள்ளே எதுவுமே இல்லாத ஃபோல்டர்கள். அதைப் பார்த்ததும் பென்சிலைப் போட்டுவிட்டுப் போனைத் தேடினேன். ஏன் என்று உனக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். பேக்கரிக்காரரை உனக்குத் தெரியும், விபத்தில் இடது கால் போனவர், கம்பு ஊன்றி வருவார். நீ வெளியூரில் படித்துக்கொண்டிருந்தபோது நம் முன்மேசையில் இருந்த பெண் அவருக்குப் போன் செய்து, "சார், உங்க இடது கால் அளவு மட்டும் எங்ககிட்ட இல்ல, ஒரு நடை வந்து குடுத்துட்டுப் போறீங்களா" என்று கேட்டுவிட்டாள். அவள் மேல் தப்பில்லை, அவள் அவரைப் பார்த்ததே இல்லை. அவர் "அது இல்லம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம். அதற்கப்புறம் ஒரு வருஷம் நம் கடைப்பக்கமே வரவில்லை. நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுத்தான் திரும்ப வந்தார். அன்றைக்கு வைத்த வழக்கம்தான் இது. இடது, வலது என்று ஃபோல்டரே இல்லாவிட்டால் இன்னும் அளவெடுக்கவில்லை, கூப்பிட்டு எடுக்க வேண்டும் என்று அர்த்தம். ஃபோல்டர் இருந்து உள்ளே வெறுமையாக இருந்தால் அந்தக் கால் இல்லை, வாயைத் திறந்து கேட்கக் கூடாது என்று அர்த்தம். யார் புதிதாக வேலைக்கு வந்தாலும் முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். இப்போது முன்மேசையில் இருக்கும் பெண் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். இந்த வாரம் பேக்கரிக்காரருக்குப் புது ஷூ தைக்கும் முறை. புது டிஸ்க்கில் அவர் பெயரைத் திறந்தால் இடது என்பதே இருந்திருக்காது, அவள் பாட்டுக்கு நல்லபடியாகப் போனை எடுத்திருப்பாள்.

அதனால்தான் உடனே உன்னைக் கூப்பிட்டேன். நீ வீட்டிலிருந்தே ஏதோ மீட்டிங்கில் இருந்தாய், மருமகள்தான் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னதும், "வீட்ல காலி டப்பாவைக்கூட ஃப்ரிட்ஜ்லயே திருப்பி வைக்கிற மனுஷன் அத்தை, அங்க மட்டும் காலின்னா தூக்கிடுவாராமா" என்று கேட்டாள் பார், அவ்வளவு பதற்றத்திலும் சிரித்துவிட்டேன். நல்ல பெண்ணைத்தான் பிடித்திருக்கிறாய். பதினொன்றையும் நானே கையால் உண்டாக்கியிருக்கலாம்தான், ஆனால் இனி வாராவாரம் நகலெடுக்கச் சொல்லியிருக்கிறாயே, வாராவாரம் உட்கார்ந்து தேட முடியுமா? நீ மீட்டிங் முடிந்து வெளியே வந்து, காலி ஃபோல்டரை விட்டுவிடு என்றிருந்த ஒரே ஒரு வரியை எடுத்துவிட்டு அனுப்பினாய். உள்ளே ஒன்றும் இல்லையே, குப்பைதானே என்று நீதான் யோசித்து அந்த வரியைச் சேர்த்ததாகச் சொல்லி மூன்று தரம் சாரி கேட்டாய். போடா பைத்தியம். நான் சொல்லாதது உனக்கு எப்படித் தெரியும்? மறுபடி அடித்தோம், ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நான்கு! நீ போனில் இருக்கும்போதே அப்பா விசில் அடித்தார். புதன்கிழமை காலை சுவிட்சைப் போட்டதும் பழைய டிஸ்க் இரண்டு தரம் டிக் டிக் என்றது, அத்தோடு சரி, திரும்ப எழுந்திருக்கவில்லை.

நேற்று பேக்கரிக்காரர் வந்தார். நான் உள்ளே கையெல்லாம் பசையோடு இருந்தேன், தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் கம்பு வைக்கும் சத்தம் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பெண் அவர் பெயரை அடித்தாள், மவுஸை இரண்டு தரம் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு நொடிகூடத் தாமதிக்காமல், "வலதுக்குத்தானே சார், போன தடவை பழுப்பு, இந்தத் தடவையும் அதேவா, இல்ல மாத்தணுமா" என்று கேட்டாள். அவர், "கறுப்பு போடும்மா, ரெண்டாவது கடை தொறக்கறேன், கொஞ்சம் ஜம்முனு இருக்கட்டும்" என்றார். என்னை எட்டிப் பார்த்து ஒரு வணக்கம் போட்டார், புதுக் கடை எந்தத் தெருவில் என்று சொன்னார், போய்விட்டார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. ஒருநாளும் தெரியப்போவதுமில்லை. நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து, எங்கோ இருந்துகொண்டு என் பிள்ளை ஒரு மனுஷரின் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டானே என்று நினைத்து நினைத்துப் பூரித்துப் போனேன். உன் ஆபீஸில் உன்னை யார் பாராட்டுகிறார்களோ இல்லையோ, நான் பாராட்டுகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து, சிரித்த முகமாக நீண்ட நாள் வாழ வேண்டும். மறக்காமல் மருமகளின் பாதத்தை வெள்ளைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து அனுப்பு, பென்சிலை நேராகப் பிடி, சாய்த்தால் ஒரு சைஸ் கூடிவிடும். உட்கார வைத்து வரையாதே, நிற்க வைத்து வரை.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா

(பக்கத்தில் அப்பாவும் இருக்கிறார், விசில் நன்றாக வந்ததா என்று உன்னிடம் கேட்கச் சொல்கிறார்.)